வேலி ஒன்றரை அடி உள்ளே வந்திருக்கிறது, பிடுங்கிவிடலாமா?

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு வீடு வாங்கினேன். பின்பக்கம் ஓர் அறை கட்டலாம் என்று இப்போது சர்வேயரை வைத்து இடத்தை அளந்தேன். இடப்பக்க எல்லை 80 அடி நீளம். வேலி முன்பக்கம் சரியான இடத்தில்தான் தொடங்குகிறதாம். போகப் போக என் பக்கம் சாய்ந்து, பின் மூலையில் ஒன்றரை அடி உள்ளே வந்துவிட்டது என்கிறார். பத்திரத்தில் பின்பக்க அகலம் 40 அடி. அவருக்கு வந்தது 38 அடி 6 அங்குலம். நானும் தம்பியும் டேப் பிடித்துப் பார்த்தபோது 38 அடி 8 அங்குலம் வந்தது (இடம் லேசான சரிவு). பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொன்னதற்கு, "இந்த வேலி இருபது வருஷமா இங்கேதான் இருக்கு. உங்க டேப் ஒண்ணு சொல்லுது, சர்வேயர் ஒண்ணு சொல்றார். முதல்ல நீங்க ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இதுவரை எங்களுக்குள் எந்த மனத்தாங்கலும் இல்லை. என் இடத்தில் நிற்கிற வேலியை நானே எடுத்துச் சரியான இடத்தில் போடலாமா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அந்த இரண்டு அங்குலத்தைத் தீர்த்துவிடுவோம். பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன்.

இடம் லேசான சரிவு என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதலில் கண்ணில் பட்டதே அதுதான். நீங்களும் தம்பியும் டேப்பைத் தரையோடு ஒட்டிப் பிடித்திருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் பிடிப்பார்கள். ஆனால் வரைபடத்தில் எழுதும் நீளம் கிடைமட்ட நீளம். மனை மலைச்சரிவில் இருந்தாலும், மேலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவைத்தான் எழுதுவோம். சரிவு 5 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையோடு பிடித்த 38 அடி 8 அங்குலம், கிடைமட்டத்தில் 38 அடி 6 அங்குலத்துக்கு வந்து நின்றுவிடும். இதுவே 10 டிகிரியாக இருந்திருந்தால் ஏழு அங்குலம் காணாமல் போயிருக்கும். ஆக, உங்கள் டேப்பும் சர்வேயரின் கருவியும் ஒரே சேதியைத்தான் சொல்கின்றன.

நம்பிக்கை வரவில்லையென்றால் கொத்தனார் பாணியில் செய்து பாருங்கள். டேப்பைப் பத்துப் பத்தடியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு துண்டையும் ரசமட்டம் வைத்துச் சமமாகப் பிடித்து, முனையிலிருந்து தூக்குக்குண்டை விட்டு, குண்டு தொடும் இடத்தில் ஆணி அடித்து, அங்கிருந்து அடுத்த பத்தடி. இரண்டு பேருக்கு அரை மணி நேர வேலை. முடிந்தால் அந்த இரண்டாவது ஆள் தம்பியாக இல்லாமல் பெரியவராக இருக்கட்டும். டேப்பின் பூஜ்ய முனையை அவர் கையில் கொடுங்கள். தன் கையால் பிடித்த அளவை மனிதர்கள் லேசில் மறுப்பதில்லை.

சரி, 38 அடி 6 அங்குலம் என்பது உறுதி. அதனால் வேலி தப்பான இடத்தில் இருக்கிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. நீங்கள் பலரும் செய்கிற தவறு இங்கேதான் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அகலம் ஒன்றரை அடி குறைகிறது என்பது மட்டும்தான் இதுவரை நிரூபணமாகியிருக்கிறது. அந்த ஒன்றரை அடி யாரிடம் இருக்கிறது என்பது வேறு கேள்வி. இடப்பக்கப் பெரியவரிடம் இருக்கலாம். வலப்பக்கத்துக்காரரிடம் இருக்கலாம். அப்படி ஒன்றரை அடி எந்தக் காலத்திலும் இல்லாமலேகூட இருந்திருக்கலாம்.

கடைசியாகச் சொன்னது விசித்திரமாகத் தோன்றும், ஆனால் நில அளவைத் தொழிலில் இருக்கும் நாங்கள் அடிக்கடி பார்ப்பது அது. மனையை முதன்முதலில் பிரித்தவர்கள் தாளில் 40 அடி என்று எழுதியிருப்பார்கள். தரையில் கல் நடும்போது 38½ அடியில் நட்டிருப்பார்கள். அப்போதைய சங்கிலி அப்படி. 1620ஆம் ஆண்டுவாக்கில் ஆங்கிலேயக் கணித அறிஞர் எட்மண்ட் குண்டர் வடிவமைத்த 66 அடிச் சங்கிலிதான் பல நாடுகளில் சில நூற்றாண்டுகள் நிலம் அளந்தது. 100 கண்ணி, ஒவ்வொரு கண்ணியின் முனையிலும் வளையங்கள். கண்ணிகள் வளைந்து கோணிக்கொண்டால் சங்கிலி குறுகிவிடும், தரையில் அளந்தது தாளில் எழுதியதைவிடக் குறையும். வளையங்கள் தேயத் தேய நீண்டால் இதற்கு நேர்மாறு. சரிபார்க்காமல் வருடக்கணக்கில் இழுத்தவர்களும் உண்டு. சங்கிலிப் பிழை, சரிவுப் பிழை, எண்ணிக்கையில் ஒரு கண்ணி விட்டுப்போன பிழை எல்லாம் பத்திரத்துக்குள் போய், முத்திரையோடு பத்திரமாக உட்கார்ந்துகொண்டன.

அப்படியானால் கல் பெரிதா, எழுதிய அளவு பெரிதா? ஆங்கிலேயப் பொதுச்சட்ட வழியில் வந்த பல நாடுகளில், மனை பிரித்தபோது நட்ட கல் அசையாமல் அதே இடத்தில் இருந்தால் கல்தான் பெரிது. ஆறு, பாறை போன்ற இயற்கை அடையாளம் முதலில். அப்புறம் மனிதர் நட்ட அடையாளம். அதற்குப் பிறகுதான் பத்திரம் சொல்லும் திசையும் தூரமும். மொத்தப் பரப்பளவு வரிசையில் கடைசி. பத்திரம் எழுதியவர்களின் நோக்கம் வேறு என்று தெளிவாகத் தெரிந்தால் நீதிமன்றம் இந்த வரிசையை மாற்றிக்கொள்ளும். ஆனாலும் அளவையர் மனதில் ஓடுவது இந்த வரிசைதான்.

அதனால் உங்கள் சர்வேயரிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: நாலு மூலையில் எத்தனை கல்லைக் கண்ணால் பார்த்தீர்கள், எதைக் கணக்குப் போட்டு வைத்தீர்கள்? அறிக்கையில் இது இருக்கும். "கிடைத்தது", "நிறுவப்பட்டது" என்று ஒவ்வொரு மூலைக்கும் குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். நீங்கள் எனக்கு அனுப்பியது அறிக்கையின் முதல் பக்கம் மட்டும், அதனால் என்னால் பார்க்க முடியவில்லை. முன்மூலை இரண்டும் கிடைத்து, வலப்பக்கப் பின்மூலையும் கிடைத்து, தகராறில் இருக்கும் அந்த இடப்பக்கப் பின்மூலை மட்டும் கணக்கில் வந்திருந்தால், ஒன்றரை அடி என்பது இப்போதைக்கு ஒரு அனுமானம்தான். பத்திரத்து 40 அடியை வைத்துப் புள்ளி வைத்திருக்கிறார். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் கல்லைத் தேடிப் பார்க்காமல் அதை வைத்துக்கொண்டு வேலியில் கை வைக்க முடியாது.

கல் தொலைந்துவிட்டது என்று லேசில் நம்பிவிடாதீர்கள். ஒருமுறை இரண்டு குடும்பங்கள் வக்கீல் வைத்து மூன்று வருடம் இழுத்த ஒரு மூலைக்குப் போனேன். இருவருமே, கல்லை மற்றவர் பிடுங்கிப் போட்டுவிட்டார் என்று சத்தியம் செய்தார்கள். அந்த மூலையில் இலைதழை கொட்டும் குழி. மக்கிய சருகை ஒதுக்கி, கடப்பாரையை மெதுவாக இறக்கிக்கொண்டே வந்தோம். மண்ணில் சொத் சொத்தென்று இறங்கிய கடப்பாரை ஓரிடத்தில் டங்கென்று நின்றது. ஒன்றேகால் அடி ஆழத்தில் கல், தலையில் வெட்டிய சிலுவைக் குறியோடு. இருபது வருடச் சருகு அதன் மேல் மண்ணாகிக் கிடந்தது, அவ்வளவுதான். இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கல்லுக்குப் பதில் இரும்புக் கம்பி நட்டிருந்தால் காந்தமானி வைத்துத் தேடலாம். மர முளை அடித்திருந்தால் மரம் மக்கிப் போயிருக்கும். ஆனால் அது இருந்த இடத்தில் மண் கறுத்து வட்டமாகத் தெரியும். மண்வெட்டியால் வெட்டாமல், கரண்டியால் ஒரு விரல்கடை ஒரு விரல்கடையாகச் சுரண்டிக்கொண்டு போனால்தான் அந்தக் கறுப்பு கண்ணில் படும். இன்னொன்று: வேலி போடுகிறவர்கள் கல்லின் தலையில் தூண் நடமாட்டார்கள், நட முடியாது. பக்கத்தில் குழி தோண்டுவார்கள். எந்தப் பக்கம் தோண்ட வசதியோ அந்தப் பக்கம். இருபது வருட வேலிகள் பல அப்படிக் கோணிக்கொண்டவைதான். உங்கள் பெரியவரோ, அவருக்கு முன்னால் இருந்தவரோ திட்டம் போட்டு ஒன்றரை அடியைச் சுருட்டினார் என்று நினைக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் விலகுகிறது என்றால், நூல் கட்டாமல் கண்பார்வைக்கு நட்டுக்கொண்டே போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

போனில் வரைபடம் பார்த்து முடிவு செய்கிறவர்களும் எழுதுகிறார்கள், அவர்களுக்காகவும் சேர்த்து இதைச் சொல்லிவிடுகிறேன். போனில் இருக்கும் ஜி.பி.எஸ். திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். அது 16 அடி. பதிவு அலுவலக வரைபடங்களும் எல்லா நாட்டிலும் அங்குலச் சுத்தம் கிடையாது. இங்கிலாந்தில் உரிமை வரைபடம் காட்டுவது பொதுவான எல்லையை மட்டும்தான் என்று சட்டமே சொல்கிறது. நகர்ப்புறங்களில் அது 1:1250 அளவில் இருக்கும். அதில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 1.25 மீட்டர், நாலடிக்கும் மேல். உங்கள் தகராறு முழுவதும் அந்தக் கோட்டின் மைக்குள்ளேயே அடங்கிவிடும்.

இப்போது இருபது வருடத்துக்கு வருவோம். பெரியவர் அதைச் சும்மா பேச்சுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் சட்டத்துக்கு அது பெரிய பேச்சு. அடுத்தவர் நிலத்தை வெளிப்படையாக, அனுமதி கேட்காமல், இடைவிடாமல், தன்னுடையதாகவே ஒருவர் வைத்துக்கொண்டிருந்தால், குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு நில உரிமையாளர் கேட்கும் உரிமையை இழக்கலாம். எதிரிடை அனுபோகம் என்பார்கள். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. நாட்டுக்கு நாடு இது தலைகீழாக மாறும். இந்தியாவில் தனியார் நிலத்துக்கு 12 ஆண்டு. இலங்கையில் 10. கலிபோர்னியாவில் 5 ஆண்டு போதும், ஆனால் அந்த நிலத்துக்கு வரியும் அவரே கட்டியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் பதிவான நிலமென்றால் 10 ஆண்டு கழித்து விண்ணப்பிக்கலாம், பதிவில் இருக்கும் உரிமையாளருக்குத் தகவல் போகும், அவர் எதிர்க்கலாம். அங்கேயும் பக்கத்துப் பக்கத்து நில எல்லைக்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள்: அது தன் நிலமே என்று அனுபவித்து வந்தவர் நியாயமாக நம்பியிருந்தால் எதிர்ப்பையும் மீறிக் கிடைக்கலாம். சிங்கப்பூர் 1994இல் இந்த வழியையே அடைத்துவிட்டது. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டமும் இதற்கு இடம் கொடுப்பதில்லை.

நான் வாங்கி ஆறு வருடம்தானே ஆகிறது என்று நினைப்பீர்கள். பெரும்பாலான இடங்களில் அந்தக் கணக்கு எடுபடாது. வீடு கைமாறினால் கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பாது. உங்களுக்கு விற்றவர் காலத்தில் ஓடியதும் உங்கள் தலையில்தான். அதனால் பெரியவருக்கு ஒரு வரி எழுதுவதற்கு முன், உங்கள் ஊர்ச் சட்டம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து இந்த ஒரு விஷயத்தை மட்டும் கேளுங்கள்: காலம் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடுகிறதா? வழக்குப் போடச் சொல்லி அல்ல, இதைக் கேட்க மட்டும். வேலி எப்போது போட்டது என்பதற்குப் பழைய வான்வழிப் படங்களும், உங்களுக்கு விற்றவரிடம் இருக்கும் பழைய போட்டோக்களும் சாட்சி சொல்லும். பெரியவர் இருபது என்று சொல்வது சில சமயம் பதினொன்றாக இருக்கும்.

வேலியைப் பிடுங்குவதைப் பற்றி இதற்கு மேல் நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிலம் உங்களுடையதாகவே இருந்தாலும் கம்பியும் தூணும் அவர் சொத்து. பிடுங்கினால், நியாயம் கேட்டு நிற்கிற ஆளாக இருந்த நீங்கள் சேதம் செய்த ஆளாகிவிடுவீர்கள். பிறகு எல்லைக்கல் எங்கே என்று யாரும் கேட்கமாட்டார்கள். கடப்பாரையோடு வந்தது யார் என்றுதான் கேட்பார்கள்.

காலம் முடியவில்லை என்று வக்கீல் சொன்னால், அல்லது உங்கள் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்றால், உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது ஒரு தாள். வேலி நிற்கட்டும். "இந்த வேலி இரண்டு மனைகளின் எல்லை அல்ல. இணைத்திருக்கும் வரைபடத்தில் உள்ள கோடுதான் எல்லை. வேலி இப்போதைய இடத்தில் நிற்பது இன்னாரின் அனுமதியோடு" என்று எழுதி, தேதி போட்டு, இருவரும் கையெழுத்துப் போட்டு, வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியோடு இருப்பது எதிரிடை அனுபோகம் ஆகாது. அந்தத் தாளால் கடிகாரம் நிற்கிறது, பெரியவரும் நாளைக்கே தூணைப் பிடுங்க வேண்டியதில்லை. வேலி துருப்பிடித்து மாற்ற வேண்டிய நாள் வரும்போது புதிய வேலியைக் கோட்டில் போடுவது என்றும், செலவு பாதிப்பாதி என்றும் அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடலாம். யாராவது ஒருவர் வீட்டை விற்கும்போது இந்தத் தாள் வாங்குகிறவர் கைக்குப் போக வேண்டும். பதிவு செய்ய வழியிருந்தால் பதிவு செய்துவிடுங்கள். வாய்ப்பேச்சாக "இருக்கட்டும் ஐயா, பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். நல்ல மனதோடு சொன்ன அந்த வார்த்தை பத்து வருடம் கழித்து வேலியை நீங்கள் எல்லையாக ஏற்றுக்கொண்டதற்குச் சாட்சியாக வந்து நிற்கும்.

துண்டு நிலத்தை அவருக்கே விற்றுவிடுவது, அல்லது வேறு பக்கம் மாற்றிக்கொள்வது என்றும் சிலர் போவார்கள். முக்கோணமாக வரும் உங்கள் துண்டு மொத்தம் 60 சதுர அடி. இதற்காக மறு அளவை, புதுப் பத்திரம், வீட்டுக்கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதல் என்று அலைவது எனக்கென்னவோ அதிகமாகப் படுகிறது. வழக்கும் அப்படித்தான். அந்த நிலத்தின் மதிப்பை முதல் வாய்தாவிலேயே தாண்டிவிடுவீர்கள்.

ஆனால் நீங்கள் கட்டப்போகும் அறை விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கச் சொல்லமாட்டேன். கட்டடத்துக்கும் எல்லைக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியைச் சட்டப்படியான எல்லையிலிருந்து அளப்பார்கள். வேலியிலிருந்து அளக்கமாட்டார்கள். சர்வேயர் சொன்ன கோட்டை நம்பி, வேலிக்கு நெருக்கமாகக் கட்டி முடித்த பிறகு கல் வேலியடியிலேயே கிடைத்தால், உங்கள் சுவர் ஒன்றரை அடி விதி மீறிய சுவராகிவிடும். அஸ்திவாரத்தின் அடி அகலம், கூரையின் நீட்டம், மழைநீர்க் குழாய் எல்லாம் சுவரைவிட வெளியே வரும் என்பதையும் பொறியாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூலை உறுதியாகும் வரை வேலியிலிருந்து அளந்தாலும் கோட்டிலிருந்து அளந்தாலும் இடைவெளி போதுமானதாக இருக்கும்படி அறையைத் தள்ளி வரைந்துகொண்டால், இந்தத் தகராறுக்காகக் கட்டுமானம் காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் சர்வேயரை இன்னொரு முறை கூப்பிடுங்கள். அந்த மூலையைத் தோண்டித் தேடச் சொல்லுங்கள், சுற்றியிருக்கும் மனைகளின் கல்லிலிருந்தும் அளந்து வரச் சொல்லுங்கள். தேதியைப் பெரியவரிடம் முன்கூட்டியே சொல்லி, அவருக்குத் தோதான நாளாக வையுங்கள். அவருக்கு நம்பிக்கையில்லாவிட்டால் அவர் செலவில் அவர் ஒரு சர்வேயரைக் கூட்டிவரட்டும். இரண்டு சர்வேயர்கள் ஒரே குழிக்குள் எட்டிப் பார்ப்பது நல்லதுதான். முன்மூலைக் கல்லிலிருந்து பின்மூலைப் புள்ளி வரை 80 அடிக்கும் நூல் கட்டச் சொல்லுங்கள். காகிதத்தில் காட்டினால் வாக்குவாதம் வரும். நூல் கட்டினால் வேலி எங்கே விலக ஆரம்பிக்கிறது என்று அவரே நடந்து பார்த்துக்கொள்வார். கல் அகப்பட்டால் மண்ணைத் தள்ளி மூடுவதற்கு முன், பக்கத்தில் டேப்பை நிறுத்தி ஆழம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, பின்னால் வேலித் தூண் விழுகிற மாதிரி இன்னொரு போட்டோ எடுத்து, இரண்டையும் அன்றைக்கே அவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள்.